செம்மஞ்சள் விளக்கு மின்னும்போது

கடலைக் கண்டு வளர்ந்த எம்மவர் பலருக்கு ஏரி என்றால் ஓர் இளக்காரம் உண்டு. "பாக்கு நீரிணையில அலை பார்த்தவனுக்கு இந்தக் குளத்துத் தண்ணி என்ன செய்யும்?" என்று கேட்பவர்களை நாம் சூரிச்சிலும் சந்தித்திருக்கின்றோம், லுசேர்னிலும் சந்தித்திருக்கின்றோம். கோடை பிறந்துவிட்டால் ஏரிக்கரைகளில் கூடி அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவதும், பிள்ளைகளின் ஆசைக்காகச் சிறிய மோட்டார் படகொன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதும் சுவிசில் வாழும் நம் குடும்பங்களிடையே இன்று வழமையாகிவிட்டன. 6 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 8 குதிரைவலு வரையான இயந்திரம் பூட்டிய படகை ஓட்டுவதற்கு இந்நாட்டின் பெரும்பாலான ஏரிகளில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆதலால் வாடகைப் பணத்தைக் கட்டியவர் எவரும் சுக்கானைப் பிடிக்கலாம். பிடிக்கலாம் என்பதும் பிடிக்கத் தெரியும் என்பதும் ஒன்றல்ல என்பதை, சென்ற வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கற்றுக்கொண்டோம். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்னர் ஏரியில் ஒரு ஞாயிறு

நால்வன மாநிலங்களின் ஏரி எனப் பொருள்படும் பெயர் கொண்ட லுசேர்ன் ஏரி, 114 சதுர கிலோமீற்றர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் 214 மீற்றர் ஆழமும் உடையது. மலைகளுக்கிடையே பல கிளைகளாக வளைந்து கிடக்கும் இவ்வேரியின் தெற்குக் கிளைக்கு ஊர்னர் ஏரி என்று பெயர். வடக்கே புறுன்னன் என்ற ஊரும் தெற்கே ஃபுளூலன் என்ற ஊரும் இதன் இரு முனைகள். இடைப்பட்ட நீளம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். இருபுறமும் பாறைச் சுவர்கள் நீருக்குள் நேரே இறங்குகின்றன. கிழக்குக் கரையில் பாறையைக் குடைந்து 1865 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்சன் வீதி செல்கின்றது. படகை ஒதுக்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே.

அன்று படகில் நாம் அறுவர் இருந்தோம். எம்மோடு எமது துணைவியார். நாம் 'அண்ணை' என்று அழைக்கும் மயிலிட்டிக் கடற்றொழிலாளர் ஒருவர். இங்கே பிறந்து வளர்ந்த அவருடைய மகன். அண்ணையின் மகளுடைய பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. மூன்று மணி நேரத்துக்குப் படகை எடுத்திருந்தோம். வாடகைக்கு விட்டவர் பிள்ளைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கிகளைத் தேர்ந்து கொடுத்தார். கரையில் நின்ற கம்பமொன்றைச் சுட்டிக்காட்டி, "அந்த விளக்கு மின்னத் தொடங்கினால் திரும்பி வாருங்கள்" என்றும் சொன்னார். நாம் தலையாட்டினோம். கம்பத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அண்ணையைத் தவிர.

நீர் கண்ணாடியாகக் கிடந்தது. மேற்குக் கரையை அடுத்து நீரிலிருந்து எழும் ஷில்லர் பாறையைப் பார்த்தோம். சுவிஸ் கூட்டிணைவின் பிறப்பிடமென மரபு போற்றும் றூற்லிப் புல்வெளியையும் படகிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டினோம். பின்னர் கிழக்குப் புறமாகக் கடந்து சிசிக்கோன் என்ற சிற்றூரைத் தாண்டினோம். எமது இலக்கு, அதற்குத் தெற்கே கரைப்பாறையின்மீது நிற்கும் வில்லியம் ரெல்லின் சிற்றாலயம். மூத்தவன் பாடசாலையில் அக்கதையைப் படித்திருந்தான். அவனுக்காகவே பயணம்.

அண்ணை வெகுநேரமாகப் பேசாதிருந்தார். தெற்கே மலைகள் வழமைக்கு மாறாகக் கிட்டத் தெரிந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஒவ்வொரு பாறை வெடிப்பும் துலங்கியது. அவற்றின் பின்னே, அல்ப்ஸ் மலைத்தொடரின் முதுகில், அசையாத முகில் மதிலொன்று நின்றது. தலைக்குமேலே நீண்டு மெலிந்த முகில்கள் சில மீன்களைப் போலக் கிடந்தன. நாம் அவற்றைப் படம் பிடித்தோம். வைகாசி மாதத்து முற்பகலுக்கு அளவு மீறிய வெப்பம் இருந்தது, மேலங்கிகளைக் கழற்றினோம். நல்ல நாள் வாய்த்தது என்று மகிழ்ந்தோம்.

அப்போது இளையவள்தான் முதலில் கண்டாள். "அம்மப்பா, அங்கை ஒரு லைற் மின்னுது."

கரையில் செம்மஞ்சள் விளக்கொன்று மெதுவாக மின்னிக்கொண்டிருந்தது. அண்ணை மகனைப் பார்த்து, "தம்பி, திருப்பு" என்றார்.

"இன்னும் பத்து நிமிசம்தானே அப்பா. அந்தா கோயில் தெரியுது. பார்த்திட்டுத் திரும்புவம்."

"தெரியுற கோயில் எங்கையும் போகாது. காத்து வரப்போகுது."

"அது மெதுவாத்தானே மின்னுது. கவனமா இருங்கோ எண்டுதான் அர்த்தம். தொண்ணூறு அடிச்சாத்தான் திரும்ப வேணும்."

"தொண்ணூறு அடிக்கிற நேரம் நாங்கள் கரையில நிக்க வேணும். அதுக்குத்தான் இந்த நாற்பது."

உண்மையைச் சொல்வதானால் நாமும் மகனின் பக்கமே நின்றோம். கட்டிய பணத்தில் பாதி நேரம் மிச்சமிருந்தது. வானம் நீலமாக இருந்தது. நீரில் ஒரு சுருக்கமும் இல்லை. "அண்ணை, வெயில் எறிக்குது. கோயிலுக்குக் கிட்டப் போய் ஒருக்கால் பார்த்திட்டு..." என்று இழுத்தோம். அவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்ரர், அங்கை பாருங்கோ."

தெற்கே, ஃபுளூலன் பக்கமாக, நீரின் நிறம் மாறியிருந்தது. கண்ணாடியின் மறுமுனையில் யாரோ கரும் மையால் கோடிழுத்ததுபோல ஒரு வரி. மகனும் அதைக் கண்டான். மறுபேச்சின்றிப் படகைத் திருப்பினான்.

கச்சானும் ஃபோனும்

ஊரில் புவியியல் படிப்பித்தவர் நாம். ஆதலால் அன்று எமக்கு ஏற்பட்ட வெட்கம் இரட்டிப்பானது. நாம் கண்டும் காணாதிருந்த அடையாளங்கள் யாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே.

அல்ப்ஸ் மலையின் தெற்கிலிருந்து வடக்கே இறங்கி வீசும் வறண்ட வெப்பக்காற்றை இந்நாட்டவர் 'ஃபோன்' என்பர் (தொலைபேசியை நினைத்துவிட வேண்டாம்). தலைமயிர் உலர்த்தும் கருவிக்கும் ஜெர்மன் மொழியில் இப்பெயரே வழங்குகின்றது. அக்கருவியிலிருந்து வரும் காற்றை ஒரு பள்ளத்தாக்கின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் இதன் இயல்பு விளங்கும். தெற்குச் சரிவில் ஈரக்காற்று மேலெழும்போது நீராவி ஒடுங்கி மழையாகின்றது. அவ்வேளை ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ அரைப் பாகைக்குச் சற்று மேலாகவே அது குளிர்கின்றது. ஈரத்தை இழந்து வடக்கே இறங்கும்போதோ 100 மீற்றருக்கு ஒரு பாகை செல்சியஸ் வீதம் சூடேறுகின்றது. கொட்ஹாட் கணவாயின் உயரம் 2,106 மீற்றர். ஏரியின் நீர்மட்டம் 434 மீற்றர். இறங்கி வரும் காற்று எவ்வளவு சூடேறும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தெற்கே மழை பெய்யாத நாட்களிலும், மேலே உள்ள காற்று நேரே கீழிறங்குவதால் மட்டுமே ஃபோன் உண்டாகலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

மட்டக்களப்பு வாசகர்களுக்கு இது புதிதன்று. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஆனி, ஆடி மாதங்களில் கிழக்கே வறண்டு சூடாக இறங்குகின்றதே, அந்தக் கச்சான் காற்றும் இந்த ஃபோனும் பிறந்த விதத்தில் ஒன்றே. வகுப்பறையில் கச்சானை விளக்குவதற்கு ஃபோனை உதாரணம் காட்டிய நாம், ஃபோனின் வாசலிலேயே அமர்ந்திருந்தும் அதை அறியாதிருந்தோம்!

மலைகள் கிட்டத் தெரிதல், காற்றின் வறட்சியால் நிகழ்வது. முதுகில் நிற்கும் முகிலுக்கு 'ஃபோன் மதில்' என்றும், மீன்வடிவ முகிலுக்கு 'ஃபோன் மீன்' என்றும் இங்குள்ளோர் பெயர் வைத்திருக்கின்றனர். இக்காற்றின் வேகத்துக்குச் சான்று பல உண்டு. 1861 ஆம் ஆண்டு மே மாதம் கிளாறுஸ் நகரின் பெரும்பகுதியை எரித்தழித்த தீயை ஊதிப் பெருக்கியது இதுவே. ஊர்னர் ஏரியில் இதன் வீச்சு மணிக்கு 100 கிலோமீற்றரையும் தாண்டுவதுண்டு. ரொய்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, இரு பாறைச் சுவர்களுக்கிடையே ஒடுங்கி, 11 கிலோமீற்றர் நீர்ப்பரப்பில் தடையின்றி ஓடி வந்து புறுன்னன் கரையில் மோதுகின்றது.

விளக்கின் மொழி

சுவிசின் ஏரிக்கரைகளில் செம்மஞ்சள் நிறத்தில் மின்னும் எச்சரிக்கை விளக்குகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். இவற்றின் மொழியில் இரண்டே சொற்கள் உள்ளன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 தடவை மின்னினால், மணிக்கு 46 முதல் 61 கிலோமீற்றர் வரை வேகமுடைய காற்று வீச்சுகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பது பொருள். 90 தடவை மின்னினால், அதனிலும் மேலான புயற்காற்று வருகின்றது என்பது பொருள். சுவிஸ் வானிலை நிலையத்தின் கணிப்பின்படி இவை ஏற்றப்படுகின்றன.

இவ்விரண்டையும் பச்சை, சிவப்பு வீதி விளக்குகளைப்போல எண்ணிவிடுவதே பலர் செய்யும் தவறு. மெதுவாக மின்னினால் போகலாம், வேகமாக மின்னினால் நிற்க வேண்டும் என்று அண்ணையின் மகன் எண்ணியதும் இவ்வாறே. ஆனால் எட்டுக் குதிரைவலுப் படகு ஆட்களோடு மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவிலேயே செல்லும். கரை ஐந்து கிலோமீற்றர் தொலைவில் இருந்தால் அரை மணி நேரம் வேண்டும். காற்று அந்த அரை மணி நேரத்தைத் தரும் என்று எந்த விளக்கும் உறுதி சொல்வதில்லை. இடிமுழக்கத்தோடு வரும் கோடைப் புயல்கள் சிலவேளை விளக்கையும் முந்திவிடும். விளக்கு மின்னவில்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது.

வீடு நோக்கி

திரும்பும் வழியில் முதற் பத்து நிமிடங்கள் ஒன்றும் நிகழவில்லை. மகன் ஒருமுறை தந்தையைப் பார்த்தான். வீணாகத் திரும்பினோமோ என்ற கேள்வி அப்பார்வையில் இருந்தது. பின்னர் பிடரியில் சூடான மூச்சுப்போல ஒன்று பட்டது. சில கணங்களில் நீரெங்கும் சுருக்கம் விழுந்தது. சுருக்கம் அலையாயிற்று. அலைகளின் தலைகள் வெளுக்கத் தொடங்கின.

கடலலையை அறிந்தவர்கள் ஏரியலையைக் கண்டு ஏமாறுவது இவ்விடத்திலேயாகும். பெருங்கடலின் அலை நீண்டு எழுந்து படகைத் தூக்கி இறக்கும். ஏரியின் அலை குறுகியது, செங்குத்தானது, ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட இடமின்றி வருவது. பாறைக் கரையில் மோதித் திரும்பும் அலைகள் குறுக்கே வந்து கலப்பதால் எத்திசையில் அடி விழும் என்று சொல்ல முடியாது.

பயத்தினால் மகன் இயந்திரத்தை முழுவேகத்துக்குத் திருகினான். படகு அலையின் முதுகிலிருந்து வழுக்கி முன்னலைக்குள் அணியத்தைக் குத்தியது. நீர் உள்ளே பாய்ந்தது. பிள்ளைகள் அலறினர். அண்ணை எழுந்து சுக்கானைப் பறிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் எழவில்லை.

"நீயே ஓட்டு. நான் சொல்லுறன். குறை... இன்னும் குறை. அலைக்கு முன்னாலை ஓடாதை, அதோடை போ. குறுக்கை மட்டும் விடாதை. பின்பக்கத்தை அலைக்கு நேரா வைச்சிரு."

எங்களை ஆசனங்களிலிருந்து இறங்கிப் படகின் நடுவே தாழ அமரும்படி சொன்னார். பெரியவர்களும் உயிர்காப்பு அங்கிகளை அணிந்துகொண்டோம். அதுவரை அவை ஆசனங்களின் கீழே கிடந்தன. எமது துணைவியார் தண்ணீர்ப் போத்தலை வெட்டி நீரை இறைத்தார். சிறுவனைப் பார்த்து அண்ணை, "கரையில தெரியுற வீடுகளை எண்ணு ராசா. பிழை விடாமல் எண்ண வேணும்" என்றார். அவன் எண்ணினான். இளையவள் அவனோடு சேர்ந்து எண்ணினாள். எண்ணிக்கை தவறித் தவறி மீண்டும் தொடங்கினர். அழுகை நின்றது.

நடுவழியில் அண்ணை இன்னொன்றும் சொன்னார். "இதுக்கு மேலை எழும்பினால் புறுன்னனுக்குப் போகேலாது. அலை முழுக்க அங்கைதான் போய் அடிக்கும். கிட்டக் கிடைக்கிற ஒதுக்கில விட்டிட்டு றோட்டாலை போவம்." வீடு நோக்கித் திரும்புதல் என்பது புறப்பட்ட இடத்தையே அடைய வேண்டும் என்பதன்று. முதலில் கிடைக்கும் பாதுகாப்பான கரையே அந்நேரத்து வீடு. நல்வேளையாக அத்தேவை எழவில்லை. காற்றின் முழுப்பலமும் இறங்குமுன் துறையை அடைந்தோம். படகுக்காரர் கயிற்றோடு காத்து நின்றார். மற்றைய படகுகளை அவர் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார். அவ்வூரில் இக்காற்றின் பெயராலேயே அமைந்த ஒரு படகுத்துறை உண்டு. மதில்களால் சூழப்பட்ட அதனை 'ஃபோன் துறை' என்பர். காற்றுக்கென ஒரு துறையைக் கட்டிய ஊரவர்கள் அக்காற்றை இளக்காரமாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது எமக்கு அப்போதுதான் உறைத்தது.

நாம் கரையேறி இருபது நிமிடங்களுக்குள் விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியது. அலைகள் கரைச்சுவரில் மோதி நடைபாதையின்மேல் நீரை எறிந்தன. சற்றுமுன் நாம் இருந்த இடம் முழுவதும் வெண்ணுரையாகக் கிடந்தது. ஒருவரும் பேசவில்லை. சிற்றாலயத்துக்குப் போயிருந்தால் அந்நேரம் நாம் எங்கே இருந்திருப்போம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனதிற் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

மூத்தவன் மெதுவாகக் கேட்டான்: "அம்மப்பா, நீங்கள் பயந்தனீங்களோ?"

"ஓம் ராசா. பயந்தபடியால்தான் வந்து சேர்ந்தனாங்கள்."

திரும்ப முடியாத பயணங்கள்

கரையோரத் தேநீர்க்கடையில் அமர்ந்தபோது மகன் தந்தையிடம் ஒன்றைக் கேட்டான். வெகுநாளாக அவன் மனதில் இருந்த கேள்வியாகவே அது எமக்குப் பட்டது. "கிளாலியில எத்தனையோ சனத்தை ஏத்தி இறக்கினனீங்கள் எண்டு அம்மா சொல்லுறவா. அங்கை பயப்படேல்லையோ?"

இளைய வாசகர்களுக்காக இங்கே ஒரு விளக்கம். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு வழியான தரைப்பாதை அடைபட்டது. அதன்பின் பூநகரிப் பாதையும் இல்லாது போகவே, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிப் பெருநிலத்துக்கும் இடையே கிளாலி நீரேரியே மக்களின் வழியாயிற்று. இரவில், விளக்கின்றி, இயந்திரம் பூட்டிய ஒரு படகு பல வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்ல, நோயாளரும் கர்ப்பிணிகளும் மாணவரும் அவற்றில் நெருங்கியிருந்து கடந்தனர். எரிபொருளுக்குத் தட்டுப்பாடு. 1993 ஆம் ஆண்டில் கடற்படையின் தாக்குதல்களில் பயணிகள் பலர் அந்நீரில் உயிரிழந்தனர். மயிலிட்டியிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த அண்ணை, அக்காலத்தில் கிளாலியில் படகோட்டியவர்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பயம்தான். காத்தைப் பார்க்கிறதோ, அலையைப் பார்க்கிறதோ? காத்து நல்லா இருந்தா நேவி வரும். காத்து கூடினா நேவி வராது எண்டு அந்த நேரம் பார்த்துப் போவம். அண்டைக்குத் திரும்ப ஏலாது தம்பி. திரும்பிப் போக இடமில்லை. இண்டைக்கு ஏலும். ஏலுமெண்டால் திரும்ப வேணும்."

அச்சொற்களைக் கேட்டபோது எமக்கு ஷில்லரின் நாடகம் நினைவுக்கு வந்தது. 1804 இல் அரங்கேறிய 'வில்லியம் ரெல்' நாடகம் இதே ஏரிக்கரையிலே, இதே காற்றோடு தொடங்குகின்றது. தன் மனைவிக்குத் தீங்கிழைக்க முற்பட்ட அதிகாரியைக் கொன்றுவிட்டு ஓடிவரும் குடியானவன் ஒருவன், தன்னை அக்கரை சேர்க்குமாறு மீனவனிடம் கெஞ்சுகின்றான். பின்னே குதிரைவீரர்கள் துரத்தி வருகின்றனர். முன்னே ஃபோன் சீறுகின்றது. எனக்கும் மனைவி மக்கள் உண்டு, இந்தக் காற்றில் படகிறக்க மாட்டேன் என மறுத்துவிடுகின்றான் மீனவன். அவ்வழியே வரும் ரெல் அவனை ஏற்றிச் செல்கின்றான். பின்னர் அதே ரெல், கைதியாகக் கெஸ்லரின் படகில் கொண்டு செல்லப்படும்போது புயலெழுகின்றது. படகைச் செலுத்தவென அவனுடைய கட்டை அவிழ்க்கின்றனர். அவன் கரைப்பாறையொன்றில் தாவித் தப்புகின்றான். அப்பாறையருகேதான் சிற்றாலயம் நிற்கின்றது. ரெல் என்றொரு மனிதன் வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. ஷில்லரோ சுவிசுக்கு ஒருபோதும் வந்ததில்லை. எனினும் கரையில் நின்று கெஞ்சும் அந்த மனிதனை நாம் அறிவோம். நம்மிற் பலர் அவனாக நின்றவர்கள்.

பல்கலைக்கழகத்தில் அந்நாடகத்தைப் படித்த காலத்தில், மறுத்த மீனவனைக் கோழை என்றே எண்ணினோம். அன்று அண்ணையோடு அமர்ந்திருந்தபோது அவன்மேல் எமக்கு மதிப்பு உண்டாயிற்று. அவன் ஏரியை அறிந்தவன். உயிருக்கு ஓடிவருபவன் கேட்டால் புயலிலும் படகிறக்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு படத்துக்காகவும், கட்டிய வாடகைக்காகவும், "இந்தக் குளம் என்ன செய்யும்" என்ற வீறாப்புக்காகவும் புயலுக்குள் போவது வீரமன்று. அது, வேறு வழியின்றி நீரில் இறங்கி மீளாமற் போனவர்களை மறந்த செயலாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

ஆதலால் கோடை வருமுன் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றை மனதிற் கொள்ள வேண்டும் என விரும்புகின்றோம்.

முதலாவது, புறப்படுமுன் அன்றைய வானிலை அறிவித்தலைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எங்கே உள்ளது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எங்களுக்கு முன்னே அதைக் கண்டது ஆறு வயதுக் குழந்தையே.

இரண்டாவது, படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். அது உடலில் இருக்க வேண்டும். அலை எழுந்தபின் அணிவது கடினம். கடலில் நீந்திப் பழகியவர் நன்னீரில் சற்றுத் தாழ்ந்தே மிதப்பார். பனியுருகி வரும் நீரின் குளிரோ சில நிமிடங்களில் கைகால்களை விறைக்கச் செய்யும்.

மூன்றாவது, விளக்கு மெதுவாக மின்னும்போதே திரும்புங்கள். புறப்பட்ட துறைக்கு நேரம் போதாதெனில் அருகிலுள்ள ஒதுக்கை நாடுங்கள். வேகத்தைக் குறைத்து, பாரத்தைத் தாழ்த்தி, படகு அலைக்குக் குறுக்கே திரும்பாமற் காத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆபத்தில் 117 அல்லது 112 இலக்கத்தை அழையுங்கள். தொலைபேசி நனையாத பையில் இருக்கட்டும். அழைக்க இயலாதவிடத்து இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள். உதவி வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. படகு கவிழ்ந்தால் அதைப் பற்றிக்கொண்டிருங்கள். கரை கிட்டத் தெரிகின்றது என்று நீந்திப் புறப்படாதீர்கள்.

இறுதியாக, திரும்புவோம் என்று ஒருவர் சொன்னால், அவர் மூத்தவராயினும் சிறியவராயினும், மற்றவர்கள் விவாதிக்க வேண்டாம். விவாதத்தைக் கரையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கிழமைகளின் பின் அமைதியான ஒரு நாளில், பயணிகள் கப்பலில் நாம் அறுவரும் சிற்றாலயத்துக்குப் போனோம். 1879 இல் கட்டப்பட்ட அக்கட்டடமும், ஏர்ன்ஸ்ற் ஸ்ரூக்கல்பேர்க் அதன் சுவர்களில் தீட்டிய ஓவியங்களும் அப்படியே இருந்தன. ரெல் படகிலிருந்து தாவும் காட்சியின்முன் சிறுவன் நெடுநேரம் நின்றான். மகன் வெளியே வந்து தெற்கே மலைகளைப் பார்த்தான். பின்னர் தந்தையிடம் கேட்டான்: "அப்பா, இண்டைக்கு எப்பிடி? தூரத்திலதானே தெரியுது?"

அண்ணை மலைகளைப் பார்த்தார். "ஓம். இண்டைக்குப் பறவாயில்லை" என்றார்.